கடைசி முப்பது அடி

சிறிய விமான விபத்து என்றதும் வயலில் நொறுங்கிக் கிடக்கும் இறக்கையும் புகையும்தான் பலருக்கு நினைவில் வரும். பயிற்சி விமானங்களில் பெரும்பாலான விபத்துகள் அப்படி இருப்பதில்லை. ஓடுபாதை ஓரத்துப் புல்லில் மூக்குக் குத்தி ஒரு செஸ்னா நிற்கும். முன்சக்கரம் ஒடிந்திருக்கும், புரொப்பல்லர் வளைந்திருக்கும். பக்கத்தில் முகம் வெளிறிய ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ நிற்பார். உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் செய்தி நான்கு வரியோடு முடிந்துவிடும். ஆனால் பறக்கக் கற்கும் பிள்ளைகளுக்கு அதிகம் நேர்வது இந்த விபத்துதான். உயிரைப் பறிக்கும் விபத்துகள் சிலவற்றின் வேரும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே இதைச் சிறு விஷயமாக ஒதுக்கிவிடக் கூடாது.

அமெரிக்காவில் சிறு விமானங்கள் மிக அதிகம், கணக்கும் ஒழுங்காக வைக்கப்படுகிறது. அங்கே விமான உரிமையாளர்களும் விமானிகளும் சேர்ந்த சங்கமான ஏஓபிஏவின் பாதுகாப்பு நிறுவனம் ‘நால் அறிக்கை’ என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட தொடர் ஆய்வை வெளியிட்டு வருகிறது. வணிக நோக்கமற்ற சிறு விமானங்களில் விமானியின் செயலால் நேரும் விபத்துகளைப் பிரித்துப் பார்த்தால், ஆண்டுக்காண்டு முதலிடம் தரையிறக்கத்துக்குத்தான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உயிரிழப்பில் அதன் பங்கோ மிகச் சிறியது. இது பயிற்சி விமானங்களுக்கு மட்டுமான கணக்கு அல்ல. அனுபவசாலிகளும் இதில் அடக்கம். இறங்குவது எல்லோருக்குமே கடினம் என்றுதான் இதற்குப் பொருள்.

அந்தக் கணக்கும் முழுமையானது என்று சொல்ல முடியாது. அமெரிக்க விதிப்படி யாருக்கும் பெரிய காயமில்லாத நிகழ்வு ‘விபத்து’ ஆக வேண்டுமானால் விமானத்துக்குக் கணிசமான சேதம் நேர்ந்திருக்க வேண்டும். சக்கரங்களுக்கும் அவற்றைத் தாங்கும் கால்களுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் இறக்கை நுனிக்கும் மட்டும் நேரும் சேதம், தரையில் பட்டு வளைந்த புரொப்பல்லர், இவை எதுவும் ‘கணிசமான சேதம்’ ஆகாது என்று அதே விதி சொல்கிறது. மோசமான தரையிறக்கத்தில் முதலில் உடைபவை எவையோ அவைதான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பள்ளிக்கோ செலவு குறைவதில்லை. புரொப்பல்லர் தரையில் இடித்துவிட்டால், வெளியே பழுது தெரியாவிட்டாலும் இன்ஜினைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். விமானம் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். அரசின் பதிவேட்டில் மட்டும் அந்த நிகழ்வு இடம்பெறாமல் போகலாம்.

இறங்குவது ஏன் இவ்வளவு கடினம்? உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்பை இறக்கிவிட்டு, சுமார் 65 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரில், ஓடுபாதையை நோக்கி வருகிறது. வழக்கமான மூன்று டிகிரிச் சரிவில் வந்தால் நொடிக்கு ஒன்றே முக்கால் மீட்டர் கீழே இறங்கும். அந்த வேகத்தோடேயே தரையில் மோதினால் சக்கரக்கால்கள் பலமாகக் குலுங்கும். அதனால் தரைக்கு மேல் 10 முதல் 20 அடி இருக்கும்போது விமானி மூக்கை மெல்ல உயர்த்தத் தொடங்க வேண்டும். இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து, பறக்கும் ஆற்றல் தீரும் நொடியும் பின்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடும் நொடியும் ஏறக்குறைய ஒன்றாகும்படி செய்ய வேண்டும். இதைத்தான் ஃபிளேர் என்கிறார்கள். முப்பது அடியிலிருந்து தரை வரை எல்லாம் எட்டு நொடிக்குள் முடிந்துவிடும். ஒரு மாணவர் தனியாகப் பறக்கும் முன் அறுபது முறை இறங்குகிறார் என்று வைத்துக்கொண்டாலும், அவருக்குக் கிடைத்த ஃபிளேர் பயிற்சி மொத்தம் எட்டே நிமிடம். பல லட்சம் செலவழித்துப் படிக்கும் படிப்பின் மிக நுட்பமான பாடத்துக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

அந்த எட்டு நொடியில் எந்தக் கருவியும் கைகொடுக்காது. உயரமானியில் பத்தடி வித்தியாசத்தைப் படிக்க முடியாது. கண்ணை நம்பித்தான் இறங்க வேண்டும், கண்ணோ எளிதில் ஏமாறும். அகலமான ஓடுபாதையில் பழகியவர் குறுகிய பாதைக்குப் போனால் தாம் உயரத்தில் இருப்பதாக நினைத்துத் தாழ்வாக வருவார். குறுகிய பாதையில் பழகியவர் அகலமான பாதையில் தரை நெருங்கிவிட்டதாக நினைத்து முன்னதாகவே மூக்கைத் தூக்குவார், விமானம் உயரத்தில் வேகமிழந்து தொப்பென்று விழும். பார்வை எங்கே நிற்க வேண்டும் என்பதிலேயே பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே பார்க்கும் மாணவருக்கு எல்லாம் மங்கலாக ஓடும். ஓடுபாதையின் தொலைமுனையை நோக்கிப் பார்வையை நகர்த்தினால்தான் கண்ணின் ஓரங்கள் உயரத்தைச் சொல்லும்.

வேகத்தில் வரும் தவறு இன்னொரு வகை. வேகம் குறைந்தால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கைமீது காற்றின் ஓட்டம் பிரிந்து தூக்குவிசை சரியும் என்று மாணவர்கள் முதல் வாரத்திலேயே கற்கிறார்கள். அந்த அச்சத்தில் ‘பாதுகாப்புக்காக’ ஐந்தாறு நாட் கூடுதலாக வைத்துக்கொண்டு வருகிறார்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 10 சதவீதம் கூடினால் கரைக்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடும். தரைக்கு மிக அருகில் இறக்கையின் இழுவை குறைவதால் விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை தீர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கும் மாணவர் பொறுமையிழந்து கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளி விமானத்தைத் தரையில் பதிக்கப் பார்ப்பார். அப்போது முதலில் தரையைத் தொடுவது முன்சக்கரம். அது திருப்புவதற்கும் தாங்கி நிற்பதற்கும் ஏற்பட்டது, மோதலை வாங்குவதற்கு அல்ல.

முன்சக்கரம் தட்டியதும் விமானம் துள்ளி எழும், மாணவர் கோலை முன்னே தள்ளுவார். தள்ளியதன் விளைவு தெரியும் நேரத்தில் விமானம் தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து மூக்கை இன்னும் பலமாகக் குத்தும். அடுத்த துள்ளல் முதலாவதைவிடப் பெரிது. மாணவரின் ஒவ்வொரு திருத்தமும் அரைச் சுற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்வதால் அவரே துள்ளலை வளர்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவது, மூன்றாவது துள்ளலில் முன்கால் ஒடிகிறது, புரொப்பல்லர் தாரைக் கீறுகிறது. செஸ்னாக்களில் இன்ஜினுக்கும் விமானியறைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரும் மடங்குவது உண்டு. இந்தியாவில் விமான விபத்துகளை விசாரிக்கும் ஏஏஐபியின் அறிக்கைகளைப் படிப்பவர்களுக்குப் பயிற்சி விமானங்களின் இந்தக் கதை பழக்கமானது.

குறுக்குக் காற்று இதில் தனிப் பாடம். ஆற்றின் குறுக்கே போகும் பரிசல் எதிர்க்கரையில் ஒரு துறையை அடைய நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்ந்தே போக வேண்டியிருப்பது போல, விமானமும் காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டுதான் ஓடுபாதையின் நேர்கோட்டில் வர முடியும். ஆனால் அதே கோணத்தில் தரையைத் தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும். கடைசி நொடியில் வாலிலுள்ள ரட்டரால் நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி இறங்க வேண்டும். 172இன் கையேட்டில் செய்துகாட்டப்பட்ட குறுக்குக் காற்று 15 நாட் என்று இருக்கும். அது சோதனை விமானி கையாண்ட அளவு. இருபது மணி நேரம் பறந்த மாணவருக்கான எல்லையை, அதைவிட வெகு கீழே, பயிற்றுநர்தான் வகுக்க வேண்டும்.

பழைய காலத்தில் தரையிறங்குவது இன்னும் கொடுமையாக இருந்தது. இந்திய ஃபிளையிங் கிளப்களில் ஒரு தலைமுறை டைகர் மாத்திலும், பிறகு பெங்களூர் ஹெச்ஏஎல் தயாரித்த ஹெச்டி-2, புஷ்பக் விமானங்களிலும் கற்றது. இவற்றுக்கு முன்சக்கரம் கிடையாது, வால்தான் தரையில் ஊன்றும். எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னே விழும். இறங்கியபின் சற்றே கோணம் மாறினாலும் வால் முன்னே வரப் பார்க்கும், விமானம் ஒரு சுழல் சுழன்று இறக்கை தரையில் உரசும். முன்சக்கரம் வைத்த விமானங்கள் வந்தபின் அந்தச் சுழல் அரிதாகிவிட்டது; அதன் இடத்தை முன்கால் ஒடிவது பிடித்துக்கொண்டது.

இந்தத் தவறுகள் எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான். சரியில்லை என்று தெரிந்த நொடியில் முழு த்ராட்டில் கொடுத்து, இறங்காமல் மேலேறிப் போய், இன்னொரு சுற்றுச் சுற்றி வருவது. விமானிகள் இதைக் கோ-அரவுண்ட் என்கிறார்கள். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இது இருக்கிறது, ஆனாலும் செய்யப்படுவதில்லை. பயணிகள் விமானங்களைப் பற்றி ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வில், ஓடுபாதையை நோக்கி வேகமோ சரிவோ சீராக இல்லாமல் வரும், நிலைகுலைந்த அணுகுதல்களில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் கோ-அரவுண்டில் முடிகின்றன என்று தெரிய வந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே எப்படியாவது இறங்கிவிடலாம் என்று நினைக்கும்போது பதினெட்டு வயது மாணவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஓடுபாதை கண்முன்னே இருக்கும்போது மனம் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது. அது மனித இயல்பு. பயிற்சியால் மட்டுமே அதை மாற்ற முடியும்.

அந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெதுவான வேகத்துக்கு டிரிம் செய்து, அதாவது அந்த வேகத்தில் தானாகவே நிலைத்திருக்கும்படி அமைத்து, இறங்கிவரும் விமானத்தில் திடீரென முழு சக்தி கொடுத்தால் மூக்கு தானாக மேலே பாயும். அதைக் கையால் பலமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரட்டர் மிதிக்க வேண்டும். ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கினால் விமானம் தொய்ந்து விழும். மடக்காமலே விட்டால் ஏறாது. படிப்படியாக மடக்க வேண்டும். செஸ்னா 150 விமானத்தில் ஃபிளாப் 40 டிகிரி வரை இறங்கும். அதற்குப் பின் வந்த 152இல் தயாரிப்பாளரே அதை 30 டிகிரியோடு நிறுத்தினார். முழு ஃபிளாப்போடு மேலேறத் திணறுவது அதனால் குறைந்தது. ஒரு விமானத்தின் வடிவமைப்பையே மாற்ற வைத்த ஆபத்தை, தனியாகப் பறக்கும் ‘சோலோ’வுக்கு முன் இரண்டு மூன்று முறை செய்துகாட்டிவிட்டு நகர்ந்துவிடும் பாடமாக நடத்துவது எனக்குப் புரியவில்லை.

2006 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் சவுத்தெண்டில் நடந்ததை இந்த இடத்தில்தான் பேச வேண்டும். பதினாறு வயது மாணவர் ஒருவர் தனியாகப் பறந்தது அன்று இரண்டாவது முறை. செஸ்னா 150 வகை விமானத்தில் இறுதிக் கோட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் வேகமான இன்னொரு விமானம் நெருங்கியது. அதற்கு வழிவிட, இறங்குவதைக் கைவிட்டு விலகிப் போகும்படி கட்டுப்பாட்டு அறையிலிருந்து மாணவருக்கு உத்தரவு வந்தது. முழு சக்தி கொடுத்து ஓடுபாதையின் நேர்கோட்டிலேயே ஏறிப்போகும் வழக்கமான கோ-அரவுண்ட் அல்ல அது. தாழ்ந்த உயரத்தில், குறைந்த வேகத்தில், இறங்கும் நிலையில் இருந்த விமானத்தை வழக்கத்துக்கு மாறாக ஓட்ட வேண்டியிருந்தது. விமானம் கட்டுப்பாட்டை இழந்து குடியிருப்புக்கு அருகிலிருந்த பூங்காவில் விழுந்தது. மாணவர் இறந்தார்.

இப்படித் தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் விமானம் திரும்பினால் என்ன நேரும் என்பதைக் கணக்கு சொல்லும். நேராகப் பறக்கும்போது 45 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் சுமார் 54 நாட்டிலும், 60 டிகிரி சாய்ந்தால் சுமார் 64 நாட்டிலும் ஸ்டால் ஆகும். இறங்கும் வேகம் அதற்குச் சற்று மேலேதான் இருக்கிறது. சில நூறு அடி உயரத்தில் ஸ்டால் ஆனால் மீட்க இடமில்லை. தரையிறக்க விபத்துகளில் உயிர்போகும் சிறு பகுதியில் பலவும் இங்கேதான் நேர்கின்றன: இறங்கப் போகும் கடைசித் திருப்பத்தில், அல்லது இறங்க முடியாமல் மேலேற முயலும்போது.

சவுத்தெண்டு மாணவரின் கைத்திறனைக் குறைசொல்லி இந்த விபத்தை விளக்கிவிட முடியாது. பிரிட்டனில் அதன்பின் வந்த மாற்றம் இதைச் சரியாகப் பிடித்தது. தனியாகப் பறக்கும் மாணவர் ரேடியோவில் தம் விமானத்தின் அழைப்புப் பெயருக்கு முன்னால் ‘ஸ்டூடன்ட்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே நடைமுறையானது. கேட்கும் கட்டுப்பாட்டாளர் யாரிடம் பேசுகிறோம் என்று அந்தக் கணமே அறிவார், அதற்கேற்ப எளிய உத்தரவு தருவார். செலவில்லாத இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சிறுவனின் உயிர் விலையாகிவிட்டது.

எதிர் உதாரணங்களும் உண்டு. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெவர்லி விமான நிலையத்திலிருந்து 17 வயது மாணவி தனியாகக் கிளம்பினார். தரையை விட்டதும் பைப்பர் விமானத்தின் பின்சக்கரங்களில் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. அவருடைய பயிற்றுநரை ரேடியோவில் பேச வைத்தார்கள். பழகிய குரல் நிதானமாக வழிநடத்த, அவர் காயமின்றி இறங்கினார். 2019 ஆகஸ்ட் 31 அன்று ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே ஜாண்டகாட்டில், வகுப்பின் நடுவே பயிற்றுநர் மயங்கிச் சரிந்தார். அதற்குமுன் விமானத்தைத் தரையிறக்கியே இராத மாணவரைக் கட்டுப்பாட்டாளர் வெகுநேரம் சுற்ற வைத்து, ஓடுபாதைமேல் தாழ்வாகப் பறந்து பழக வைத்து, பிறகே இறங்கச் சொன்னார். மாணவர் செஸ்னா 152ஐப் பத்திரமாக இறக்கினார். இவர்கள் இருவருக்கும் முதலில் கிடைத்தது நேரம். அவசரமில்லை, எரிபொருள் இருக்கிறது, சுற்றிக்கொண்டே இரு என்ற செய்தி. சவுத்தெண்டுச் சிறுவனுக்குக் கிடைக்காதது அதுதான்.

பயிற்றுநரின் பங்கைப் பற்றியும் பேச வேண்டும். மாணவர் கையில் விமானத்தை விட்டுவிட்டு எந்த நொடியில் அதைப் பறித்துக்கொள்வது என்பதே அவர் தொழிலின் மிகக் கடினமான முடிவு. சீக்கிரம் பறித்தால் மாணவர் கற்க மாட்டார், அரை நொடி தாமதித்தால் முன்கால் போய்விடும். பல நாடுகளில் பயிற்றுநர்கள் தாமே இளையவர்கள். விமான நிறுவன வேலைக்கு மணிக்கணக்கு சேர்க்கும் இடைக்காலமாக இந்த வேலையைப் பார்ப்பவர்கள் பலர். எந்த உயரத்துக்குக் கீழே, எந்த அளவு விலகலில் நான் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வேன் என்று பறக்கும் முன்பே மாணவரிடம் சொல்லிவைக்கும் பயிற்றுநரை நான் மதிக்கிறேன். அங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

‘டச் அண்ட் கோ’ முறையைப் பற்றிய வாதமும் ஓயவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மீண்டும் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் அதிகம் இறங்கலாம், காசும் மிச்சம். ஆனால் ஓடும் விமானத்தில் ஃபிளாப்பை மடக்கி, டிரிம்மைத் திருத்தி, முழு சக்தி கொடுப்பது என்று மூன்று வேலைகள் சில நொடிகளில் நெருக்குகின்றன. நேராக ஓட்டி வேகத்தைக் கரைத்து நிறுத்தும் பாடமும் விடுபட்டுப் போகிறது. பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது அதைச் செய்யலாம். தனியாகப் பறக்கும் தொடக்க மாணவர் ஒவ்வொரு முறையும் முழுதாக நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கிளம்புவதே நல்லது என்பது என் முடிவு.

இந்தியச் சூழலுக்கு வருவோம். இங்கே 16 வயதில் மாணவர் உரிமமும் 18 வயதில் வணிக உரிமமும் பெறலாம். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பு விமானியாக. ரேபரேலி அருகே ஃபர்சத்கஞ்சிலுள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி முதல், இந்திய விமான நிலைய ஆணையத்தின் புதிய கொள்கைப்படி சேலம், கடப்பா, ஹூப்ளி போன்ற ஊர்களுக்கு ஒதுக்கப்பட்ட பயிற்சிப் பள்ளிகள் வரை, வாய்ப்புகள் பெருகியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் வடக்கே குளிர்காலப் பனிமூட்டமும் எங்கும் பருவமழையும் பயிற்சியை வாரக்கணக்கில் நிறுத்திவிடும். கை மறக்கும் முதல் பாடம் தரையிறக்கம். வானம் தெளிந்ததும் விட்டுப்போன மணிகளைப் பிடிக்கும் அவசரம் தொடங்கும்; இடைவெளிக்குப் பின் பயிற்றுநரோடு சில சுற்று பறந்த பிறகே சோலோ என்ற ஒழுங்கு அந்த அவசரத்தில்தான் பலியாகும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல்மட்டத்து ஓடுபாதையில் 40 டிகிரி வெப்பம் இருந்தால், அங்குள்ள காற்றின் அடர்த்தி சாதாரண நாளில் சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் தரைமீது உண்மை வேகம் கூடியிருக்கும், இன்ஜின் சக்தி குறைந்திருக்கும், கோ-அரவுண்டில் ஏறும் வேகம் சோர்ந்திருக்கும். நண்பகலில் சூடான தாரிலிருந்து எழும் காற்று கடைசி நொடியில் விமானத்தைத் தூக்கிப் போடும். நம் ஊர் மே மாதத்து மதியத்தில் தொடக்க மாணவரைத் தனியே அனுப்பாமல் இருப்பது மட்டுமே பல முன்கால்களைக் காப்பாற்றும்.

சிமுலேட்டர் உதவுமா? ஃபிளேரைக் கற்றுத் தருவதில் சாதாரணச் சிமுலேட்டரின் பயன் குறைவு. கண்ணோரப் பார்வையும் உடல் உணரும் சரிவும் அதில் சரியாக வருவதில்லை. ஆனால் தரையிறக்கத்தைக் கைவிடும் முடிவைப் பழக அது மிக நல்ல இடம். ஐம்பது கோ-அரவுண்டை எரிபொருள் செலவில்லாமல் அங்கே செய்யலாம். பல பள்ளிகள் அதைக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சிக்கு மட்டுமே வைத்திருப்பது வீண்.

பிள்ளையை விமானி ஆக்க நகையையும் நிலத்தையும் விற்றுப் பணம் கட்டும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் எத்தனை விமானம் இருக்கிறது, வேலைக்கு உத்தரவாதம் உண்டா என்று கேட்கும்போது இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். சோலோவுக்கு முன் மாணவர் தாமே முடிவெடுத்து எத்தனை கோ-அரவுண்ட் செய்கிறார்? அப்படித் திரும்பி வரும் மாணவரைப் பயிற்றுநர் பாராட்டுவாரா, நேரம் வீணானது என்பாரா? முந்தைய துள்ளல்களையும் ஒடிந்த சக்கரங்களையும் பள்ளி எழுதிவைத்து மாணவர்களோடு பேசுகிறதா? இவற்றுக்கு நேரான பதில் தராத பள்ளியில் பணம் கட்டாதீர்கள்.